'கிலோமீட்டர் ஆகலையே' என்று சொல்கிறவர்களுக்கு



இது நீளமான பதிவு. நேரமில்லாதவர்கள் ஒன்று மட்டும் செய்யுங்கள். உங்கள் காரில் இருப்பது டைமிங் பெல்ட்டா, டைமிங் செயினா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பெல்ட் என்றால் கடைசியாக மாற்றியது எந்த வருஷம் என்று பாருங்கள். வருஷம். கிலோமீட்டரைக் கேட்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை வீடு நிறைய விருந்தாளிகள். 2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோ பட்டியலில் ஏறியதிலிருந்து, இருபது வருஷமாக எட்டிப் பார்க்காத உறவெல்லாம் கோட்டை பார்க்க வருகிறது. அப்படியே தளவானூருக்கும் வந்து ஒரு வேளை சாப்பிட்டுப் போகிறார்கள். சந்தோஷம்தான். (தளவானூர் என்றதும் 2021-ல் உடைந்த தென்பெண்ணைத் தடுப்பணையைச் சொல்கிறவர்களுக்கு: அது விழுப்புரம் பக்கத்துத் தளவானூர். நம்முடையது மகேந்திரவர்மன் குடைவித்த சத்ருமல்லேஸ்வரம் இருக்கிற தளவானூர். எத்தனை முறை சொல்வது!)

வந்தவர்களில் என் மச்சானும் ஒருவர். சென்னையிலிருந்து தன் டீசல் காரில் வந்திருந்தார். 2014 மாடல். நான் வாங்கிய அதே வருஷம். வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்தும்போது கேட்டேன், "பெல்ட் மாத்திட்டீங்களா?" என்று. சிரித்தார்.

"அம்பத்திரண்டாயிரம்தான் மாமா ஓடியிருக்கு. லட்சத்துக்கு மேலதான் அந்தப் பேச்சே. மெக்கானிக் சொல்றத எல்லாம் நம்பி நீங்கதான் காசைக் கொட்டறீங்க."

சுற்றி இருந்தவர்களும் சிரித்தார்கள். இலை போட்ட நேரத்தில் விவாதம் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அதற்கான பதில்தான் இது. மச்சான் கோபித்துக்கொள்ளக் கூடாது. ஏனென்றால் அவர் சொன்ன அதே வாக்கியத்தை 2021-ல் நான் சொன்னேன். யாரிடம்? என்னிடம் கணக்குப் படித்த ஒரு பையனிடம்.

அவன் இப்போது செஞ்சியில் பட்டறை வைத்திருக்கிறான். பெயர் போட்டால் அவனுக்குப் பிடிக்காது. ஆயில் மாற்றக் கொண்டுபோன என் வண்டியைப் பார்த்துவிட்டு, "சார், ஏழு வருஷம் ஆச்சு, டைமிங் பெல்ட்டையும் டென்ஷனரையும் மாத்திடலாம்" என்றான். எவ்வளவு என்றேன். சாமானும் கூலியும் சேர்த்து எட்டாயிரத்துக்குள் முடியும் என்றான். மீட்டரைப் பார்த்தேன். இருபத்தொன்பதாயிரம். "கிலோமீட்டர் ஆகலையேப்பா" என்றேன். அவன் ஏதோ சொல்ல வந்தான். அதற்குள் நான் வண்டியில் ஏறிவிட்டேன். உள்ளுக்குள் என்ன நினைத்தேன் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். பையன் நம்மிடமே காசு பார்க்கிறான் என்று நினைத்தேன். முப்பத்துநான்கு வருஷம் வாத்தியாராக இருந்தவனுக்குத் தன் மாணவன் மேல் இருந்த மதிப்பு அவ்வளவுதான்.

மூன்று வருஷம் கழித்து, ஒரு அமாவாசை இரவு. மேல்மலையனூர் ஊஞ்சல் உற்சவத்துக்கு நானும் என் மனைவியும் பேத்தியும் போய்க்கொண்டிருந்தோம். செஞ்சி – சேத்துப்பட்டு சாலையில் வளத்திக்கு இந்தப் பக்கம். அமாவாசை இரவில் அந்தச் சாலை எப்படி இருக்கும் என்று நம் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பஸ்ஸும் வேனும் டாட்டா ஏஸும் ஒன்றன் பின் ஒன்றாக, நடந்து போகிறவர்கள் ஓரத்தில். ஒரு 'டப்' சத்தம். இன்ஜின் செத்தது. ஸ்டீயரிங் கல் மாதிரி ஆகிவிட்டது. பிரேக் முதல் இரண்டு மிதிக்குத்தான் கேட்டது, அப்புறம் அதுவும் கட்டை. இன்ஜின் நின்றால் ஸ்டீயரிங்குக்கும் பிரேக்குக்கும் கிடைக்கிற உதவியும் நின்றுபோகும் என்பதைப் புத்தகத்தில் படித்திருக்கிறேன். இருட்டில், பின்னால் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும்போது தெரிந்துகொள்வது வேறு. பஸ் டிரைவர் கெட்டிக்காரர். எங்கள் பம்பருக்கும் அவர் வண்டிக்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை. பின் சீட்டில் படுத்திருந்த பேத்தி எழுந்து உட்கார்ந்து, "தாத்தா, கோயில் வந்துடுச்சா?" என்றாள்.

அதற்குப் பிறகு நான் செய்தது இன்னும் முட்டாள்தனம். சாவியைத் திருகித் திருகிப் பார்த்தேன். எப்போதும் வருகிற கனமான சத்தம் இல்லாமல், வெறும் மோட்டார் சுற்றுவது போல 'விர்ர்' என்றது. அந்தச் சத்தம் கேட்டால் கையை எடுத்துவிட வேண்டும். எனக்குத் தெரியாது. நாலு நல்ல மனிதர்கள் தள்ளினார்கள், நான் இரண்டாவது கியரில் போட்டு கிளட்சை விட்டேன். உதவி செய்ய வந்தவர்களை வைத்தே என் இன்ஜினை இன்னும் கொஞ்சம் உடைத்துக்கொண்டேன்.

எட்டு வால்வும் வளைந்திருந்தன. ராக்கர்கள் சில முறிந்திருந்தன. ஹெட்டைக் கழற்றி லேத்துக்கு அனுப்பி, பதினெட்டு நாள் கழித்து வண்டி வந்தது. பில் 58,400 ரூபாய். மீட்டரில் 41,000 கிலோமீட்டர்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கணக்கு வாத்தியார் என்பதால் கொஞ்சம் கணக்கும் வரும்.

இன்ஜினின் அடியில் பிஸ்டன்களை மேலும் கீழும் ஓட்டுகிற கிராங்க். தலையில் வால்வுகளைத் திறந்து மூடுகிற கேம். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று சுற்ற வேண்டும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. அதனால்தான் கேம் சக்கரத்தில் கிராங்க் சக்கரத்தைப் போல இரண்டு மடங்கு பல். இரண்டையும் கட்டி வைத்திருப்பது பல் வைத்த அந்த ஒரு ரப்பர் பெல்ட்தான். நிமிடத்துக்கு 2,400 சுற்றில் ஓடும்போது கிராங்க் வினாடிக்கு 40 சுற்று. ஒவ்வொரு வால்வும் வினாடிக்கு 20 தடவை திறந்து மூடுகிறது. டீசல் இன்ஜினில் பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மேலே இருக்கிற இடம் மிகக் கொஞ்சம். வால்வு இறங்குகிற இடமும் பிஸ்டன் ஏறுகிற இடமும் ஒன்றேதான், நேரம்தான் வேறு வேறு. ஒரே வகுப்பறையில் காலையில் ஒரு பள்ளி, மதியம் ஒரு பள்ளி நடக்கிற மாதிரி. மணி அடிப்பவன் செத்தால்? கேம் நின்றுவிடுகிறது, சில வால்வுகள் திறந்தபடியே நிற்கின்றன. ஓடுகிற வண்டியின் சக்கரம் கிராங்கைச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பிஸ்டன் வந்து மோதுகிறது. சில பழைய பெட்ரோல் இன்ஜின்களில் பெல்ட் அறுந்தால் வண்டி நிற்பதோடு சரி. டீசலில் அந்தக் கருணையை எதிர்பார்க்காதீர்கள்.

இந்தப் பல் பெல்ட் காருக்காகப் பிறந்ததே அல்ல என்பது ஒரு வேடிக்கை. 1940-களில் அமெரிக்காவில் தையல் மிஷினுக்காகச் செய்தது. 1962-ல் ஜெர்மனியின் கிளாஸ் கம்பெனி தன் 1004 என்ற காரில் இதைக் கேமுக்கு வைத்தது. அதுவரை செயின், அல்லது நேரடியாகப் பல்சக்கரம். நம் பழைய அம்பாசடரில் செயின்தான். பெல்ட் என்றால் சத்தம் குறைவு, எடை குறைவு, விலை குறைவு, எண்ணெய் வேண்டாம். ஆனால் ஒன்றை மனதில் வையுங்கள். இது தேய்கிற சாமான் என்று தெரிந்தேதான் வைத்தார்கள். மாற்று என்று புத்தகத்திலும் எழுதிக் கொடுத்தார்கள். அந்தப் புத்தகம் உங்கள் டாஷ்போர்டுப் பெட்டிக்குள் பாலிதீன் உறை பிரிக்காமல் இருக்கிறது.

பிரித்துப் பாருங்கள். பெரும்பாலான புத்தகங்களில் இரண்டு கணக்கு இருக்கும். இத்தனை கிலோமீட்டர், அல்லது இத்தனை மாதம். கீழே சின்ன எழுத்தில் 'எது முதலில் வருகிறதோ' என்று இருக்கும். இந்த மூன்று சொல்லைத்தான் நம் ஆட்கள் யாரும் படிப்பதில்லை. நானும் படிக்கவில்லை. முதல் பாதியை மட்டும் படித்துவிட்டு விடை எழுதுகிற பையன்களை எத்தனை பேரைப் பெஞ்சு மேல் ஏற்றியிருக்கிறேன்!

ரப்பர் எப்படிக் கெடுகிறது என்று தெரிய ஆராய்ச்சி தேவையில்லை. என் பழைய பீரோவில் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிய கட்டுகள் இருந்தன. பழைய மாதிரி வினாத்தாள்கள், சீட்டுக் கணக்குகள். யாரும் தொடாத கட்டுகள். எட்டு வருஷம் கழித்து எடுத்தேன். கை பட்டதும் ரப்பர் பேண்டு துண்டு துண்டாக உதிர்ந்தது, சில காகிதத்தோடு ஒட்டிக்கொண்டது. அது எத்தனை கிலோமீட்டர் ஓடியது மச்சான்?

பெல்ட் ரப்பர் அதைவிட உயர்ந்தது, உள்ளே கண்ணாடி இழை வைத்து நெய்தது என்பதெல்லாம் சரி. ஆனால் அது பீரோவுக்குள்ளா இருக்கிறது? இன்ஜின் சூட்டுக்குப் பக்கத்தில் வெந்து, ஆறி, மறுபடி வெந்துகொண்டு இருக்கிறது. பக்கத்து ஆயில் சீல் கசிந்தால் எண்ணெயும் குடிக்கிறது. ஓடாமல் நிற்கிற வண்டியில் ஒரே இடத்தில் மடங்கியபடி மாதக்கணக்கில் கிடக்கிறது. நம் ஊர்க் குடைவரைத் தூணுக்கு ஆயிரத்து நானூறு வயது, கல் என்பதால் நிற்கிறது. ரப்பருக்கு அந்த வரம் கிடையாது.

இன்னொன்று. கிலோமீட்டர் மீட்டர் சக்கரம் சுற்றினால்தான் எண்ணும். பெல்ட்டோ இன்ஜின் ஓடினால் ஓடும். பேத்தியின் பள்ளி வாசலில் ஏ.சி. போட்டுக்கொண்டு அரை மணி நேரம் நிற்கிறேனே, மீட்டருக்கு அது பூஜ்ஜியம். பெல்ட்டுக்கு அந்த அரை மணியும் ஓட்டம்தான். சென்னை டிராபிக்கில் ஓடுகிற மச்சானின் 52,000 கிலோமீட்டரை, திண்டிவனம் சாலையில் விரைந்து ஓடின 52,000-த்தோடு சமம் என்று எந்தக் கணக்கில் போடுவது?

பழைய இன்னோவா வைத்திருக்கிறவர்கள் 'எங்கள் வண்டியில் டி-பெல்ட் விளக்கே இருக்கிறது, எரிந்தால் மாற்றுவோம்' என்பார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த விளக்கு பெல்ட்டைப் பார்ப்பதில்லை, கிலோமீட்டரை எண்ணுகிறது. மாற்றிய பிறகு கையால் அதைப் பூஜ்ஜியமாக்க வேண்டும். மாற்றாமலும் ஆக்கலாம்! செகண்ட் ஹேண்டில் வாங்கியவர்கள் கொஞ்சம் யோசியுங்கள். (இன்னோவா கிரிஸ்டாவில் செயின். ஸ்விப்ட் பழைய 1.3 டீசலிலும் செயின். அவர்கள் இந்தப் பதிவைச் சிரித்துக்கொண்டு படிக்கலாம். ஆனால் ஆயிலை ஒழுங்காக மாற்றாவிட்டால் செயினும் நீளும்.)

பதினைந்து வருஷம் முடிந்து ஆர்.சி. புதுப்பிக்கப் போனோம், அதிகாரி பார்த்து ஓகே சொன்னார் என்று ஒரு சம்பந்தி சொன்னார். அங்கே பார்ப்பது விளக்கு, பிரேக், சேஸிஸ் நம்பர், புகை. பெல்ட் மூடியைக் கழற்றிப் பார்ப்பதில்லை. அது அவர் வேலையும் இல்லை. ஐந்து வருஷத்துக்கு ஆர்.சி. நீண்டது, பெல்ட்டின் ஆயுசு நீளவில்லை.

'மெக்கானிக் எல்லாம் ஏமாற்றுகிறான்' என்பதற்கு வருகிறேன். ஏமாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்ல மாட்டேன். வாத்தியார்களிலும் உண்டு. ஆனால் நாம் செய்வது என்ன? ஜவுளிக்கடையில் பன்னிரண்டாயிரம் ரூபாய்ப் புடவைக்கு வாய் திறக்காமல் பணம் கட்டுகிறோம். கையில் கிரீஸ் பூசிய பையன் ஆயிரத்தைந்நூறு கூலி கேட்டால், "என்னப்பா, ஒரு பெல்ட்டு மாட்டறதுக்கா?" என்கிறோம். கூலியைக் குறை, டென்ஷனரை அப்புறம் பார்க்கலாம், பெல்ட் மட்டும் போடு. இப்படிப் பேரம் பேசிப் பேசி, சரியாக வேலை செய்கிறவனைத் துரத்திவிட்டு, 'அரை மணியில் மாட்டித் தருகிறேன்' என்கிறவனிடம் வண்டியைக் கொடுக்கிறோம். கெட்ட மெக்கானிக்கை வளர்த்தவர்களில் பாதிப் பேர் இந்தப் பதிவைப் படித்துக்கொண்டிருக்கிறார்கள்.

அது ஏன் அரை மணி வேலை இல்லை என்பதை நானே பட்டறையில் முக்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். ஹெட் வேலை முடிந்து புது பெல்ட் போட்ட அன்று.

பேட்டரி வயரைக் கழற்றினான். முன் வலதுச் சக்கரத்தைக் கழற்றி, ஜாக்கியை நம்பாமல் ஸ்டாண்டு வைத்தான். இன்ஜினுக்கு அடியில் மரக்கட்டை வைத்துத் தாங்கல் கொடுத்து, அந்தப் பக்கத்து மவுண்டிங்கைக் கழற்றினான். ஃபேன் பெல்ட், கிராங்க் புல்லி, மூடிகள் வரிசையாக வந்தன. பிறகு ஸ்பேனர் போட்டுக் கிராங்கைக் கையால் சுற்றி, முதல் சிலிண்டரை உச்சிக்குக் கொண்டுவந்தான். உச்சி என்றால் இரண்டு சுற்றுக்கு இரண்டு தடவை வரும் என்பதால், கேம் சக்கரத்தின் குறியையும் பார்த்து அதுதான் சரியான உச்சி என்று உறுதி செய்தான். டீசல் பம்பும் அதே பெல்ட்டில் ஓடுவதால் அதற்கும் ஒரு குறி. மூன்றும் நின்ற பிறகு பின் போட்டுப் பூட்டினான்.

நான் கேட்டேன், "சில பேர் பழைய பெல்ட்லயும் சக்கரத்துலயும் ஒயிட்னர் தடவிட்டு அப்படியே புதுசை மாட்டறாங்களே, அது சுலபம் இல்லையா?"

"அது பக்கத்துப் பையனைப் பாத்து எழுதற மாதிரி சார். அவன் தப்பா எழுதியிருந்தா?"

எனக்கு அடித்த மாதிரி இருந்தது. பழைய பெல்ட் ஏற்கெனவே ஒரு பல் தாண்டியிருந்தால், புது பெல்ட்டும் அதே தப்போடு உட்காரும். கிராங்க் சக்கரத்தில் 20 பல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பல் என்பது 18 டிகிரி. வண்டி ஸ்டார்ட் ஆகும், ஓடும், இழுக்காது, புகை தள்ளும், டீசல் குடிக்கும். முதலாளி 'வயசான வண்டி' என்று நினைத்துக்கொள்வார். இரண்டு மூன்று பல் தவறினால் முதல் ஸ்டார்ட்டிலேயே வால்வு போய்விடலாம்.

டென்ஷனரைக் கழற்றி என் கையில் கொடுத்துச் சுற்றிப் பார்க்கச் சொன்னான். உள்ளே மணல் அரைக்கிற மாதிரி இருந்தது. பெல்ட் புதிது, இந்தப் பேரிங் பழையது என்றால், பேரிங் இறுகுகிற அன்று புது பெல்ட்டும் அறுந்துவிடும். அதைத்தான் 'அப்புறம் பார்க்கலாம்' என்று நாம் வெட்டச் சொல்கிறோம். சில இன்ஜின்களில் வாட்டர் பம்பும் இதே பெல்ட்டில் சுற்றும். அங்கே அதையும் சேர்த்து மாற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் அது கசியும்போது இத்தனையையும் மறுபடி கழற்ற வேண்டும்.

புது பெல்ட்டைக் கிராங்கிலிருந்து தொடங்கிப் போட்டான். தளர்வு முழுவதும் டென்ஷனர் பக்கம் வந்து சேரும்படி. ஸ்க்ரூடிரைவர் வைத்து நெம்பவில்லை, பெல்ட்டை மடக்கவில்லை. டென்ஷனரைக் குறிக்கு இறுக்கினான். பின்னை எடுத்துவிட்டு, ஸ்டார்ட் செய்யாமல் கிராங்கைக் கையாலேயே இரண்டு முழுச் சுற்று சுற்றினான். மறுபடி மூன்று குறியும் நேரே வந்து நின்றன. "சுத்தும்போது எங்கயாவது தட்டுனா அங்கேயே நிறுத்திடணும் சார். பலம் போடக் கூடாது." அதற்குப் பிறகும் திருப்தியில்லாமல் இன்னும் இரண்டு சுற்று. கணக்குப் போட்டு முடித்ததும் சரி பார் என்று வகுப்பில் நான் தொண்டை கிழியக் கத்தியதை நாற்பது பேரில் ஒருவன் கேட்டிருக்கிறான்.

மெக்கானிக்காக இருக்கிற என் மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் மேல் நம்பிக்கை இல்லாததற்கு எங்கள் கருமித்தனம் மட்டும் காரணம் இல்லை. மாற்றிய பழைய பெல்ட்டையும் பேரிங்கையும் வண்டிக்காரர் கேட்காமலே கையில் கொடுங்கள். பில்லில் சாமான் நம்பரை எழுதுங்கள். தேதியும் கிலோமீட்டரும் எழுதி பெல்ட் மூடி மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுங்கள். ஒயிட்னரைப் பள்ளிக்கூடத்துக்கே விட்டுவிடுங்கள்.

பணம் இல்லை என்று சொல்கிறவரிடம் எனக்கு வாதம் கிடையாது. வாடகை வண்டி ஓட்டிப் பிழைக்கிற என் மாணவன் ஒருவன், "எட்டாயிரம் ஒரே நேரத்துல எங்க சார் போவேன்" என்றான். உண்மை. மாதம் ஐந்நூறு எடுத்து வை என்றேன். ஒன்றரை வருஷத்தில் சேர்ந்துவிடும். ஆனால் மச்சான் அந்தக் கணக்கில் வருகிறவர் இல்லை. போன மாதம்தான் வண்டிக்குப் புது சீட் கவர் போட்டிருக்கிறார்.

பழைய வண்டி வாங்குகிறவர்கள், பெல்ட் மாற்றிய பில் இல்லை என்றால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். 'ஓனர் மாற்றினார், பில் தொலைந்துவிட்டது' என்றால், அந்த எட்டாயிரத்தை விலையில் குறைத்துக் கேளுங்கள். மீட்டரைப் பின்னால் சுற்றிவிடுவது சுலபம். வருஷத்தை அப்படிச் சுற்ற முடியாது, ஆர்.சி.யில் இருக்கிறது.

என் அறுந்த பெல்ட்டை வீட்டு ஹாலில் ஆணி அடித்து மாட்டியிருக்கிறேன். மனைவிக்கு அது பிடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மச்சான் அதைப் பார்த்துவிட்டு, "இது என்ன மாமா, திருஷ்டிக்கா?" என்றார்.

மச்சான், வரும் இரண்டாவது சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பட்டறையில் சொல்லி வைத்திருக்கிறேன். வண்டி சூடு ஆற வேண்டுமாம், அதனால் வெள்ளிக்கிழமை ராத்திரியே வந்துவிடுங்கள். அக்கா உங்களுக்குப் பிடித்த கேழ்வரகு அடை செய்கிறேன் என்கிறாள். திண்டிவனம் தாண்டி வரும்போது மெதுவாக வாருங்கள். முன்னால் போகிற வண்டிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வராதீர்கள்.